பிறந்த தேதிக்கு மூன்று பெட்டிகள் போதும்

பிரிட்டன் அரசின் இணையதளமான கவ்.யூகே, பார்த்ததும் கண்ணைப் பறிக்காது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அடிக்கோடிட்ட நீல இணைப்புகள், ஒரு பச்சைப் பொத்தான். அந்தத் தளத்துக்குத்தான் 2013இல் லண்டன் டிசைன் மியூசியம் அவ்வாண்டின் சிறந்த வடிவமைப்புக்கான விருதைக் கொடுத்தது. அதன் பொத்தான், பெட்டி, பிழைச் செய்தி போன்ற உறுப்புகளைத் தொகுத்து 2018இல் ‘கவ்.யூகே டிசைன் சிஸ்டம்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். இணையப் படிவங்கள் செய்வதே என் தொழில். இந்தத் தொகுப்பைவிடப் பயனுள்ள கருவி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இது இலவசம். எம்ஐடி உரிமத்தில் வருவதால் நிரலை யாரும் எடுத்து ஆளலாம். ஆனால் நான் இதைத் தேடிப் போவது நிரலுக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் அருகில், எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது, ஏன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகள், மேலே ஓர் உதாரணம், அவ்வளவுதான். நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்லக்கூடிய தேதிகளுக்கு இதைப் பயன்படுத்துங்கள் என்கிறது விளக்கம். என் அத்தை ஒரு தளத்தில் ஓய்வூதியப் படிவம் நிரப்பியபோது நடப்பு மாதத்தில் ஒரு நாட்காட்டி திறந்தது. 1953க்குப் போக ஒவ்வொரு மாதமாகப் பின்னோக்கி அழுத்திக்கொண்டிருந்தவர், பாதியிலேயே எழுந்துவிட்டார். எழுபது வயதைக் கடந்தவரை இப்படி அலைக்கழித்த அந்தப் படிவத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

பெயர் கேட்கும் பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. எல்லாருடைய பெயரும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரியாது என்பதை அந்த வழிகாட்டி எடுத்துச் சொல்கிறது. ஒரே பெட்டியில் முழுப் பெயரையும் கேட்கும் வழியையும் தருகிறது. தலைப்பெழுத்தோடு வாழும் நாம், கட்டாயமாக்கப்பட்ட குடும்பப் பெயர்ப் பெட்டியில் அப்பா பெயரை எழுதிவிட்டு, பிறகு சான்றிதழோடு பொருந்தாமல் எத்தனை அலுவலகங்களுக்கு அலைகிறோம்!

பிழைச் செய்திகளும் அப்படித்தான். விடுபட்டவை எல்லாம் பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கட்டத்துக்குள் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் அந்தப் பெட்டிக்கே கொண்டுபோகும். ‘தவறான உள்ளீடு’ என்று அதட்டாமல், ‘உங்கள் முழுப் பெயரை எழுதுங்கள்’ என்று செய்ய வேண்டியதைச் சொல்லும்.

‘எங்கள் தளம் தனித்துத் தெரிய வேண்டும்’ என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களின் தளங்களில்தான் கழிக்கிறார்கள், அங்கே பழகியதையே உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். படங்களும் சொற்களும் தனித்துத் தெரியட்டும். உள்நுழையும் பொத்தானை மட்டும் எல்லாரும் தேடும் வலது மேல் மூலையிலேயே விடுங்கள் என்பேன்.

குறைகளும் உண்டு. அதன் எழுத்துருவை கவ்.யூகே தளத்துக்கு வெளியே பயன்படுத்த உரிமை இல்லை. நான் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்துக்கொள்கிறேன். 19 பிக்சல் எழுத்துக்கு 25 பிக்சல் வரி உயரம் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்கின்றன, 30 வரை உயர்த்த வேண்டியிருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று தொடங்கச் சொல்லும் அறிவுரையையும், இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊர்களுக்கான படிவங்களில் நான் பின்பற்றுவதில்லை. தொடர்புள்ள இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்தே வைக்கிறேன்.

விண்ணப்பம், பதிவு, புகார் என்று மக்கள் கட்டாயத்தின் பேரில் நிரப்பும் எதற்கும் இதைத் தயங்காமல் எடுக்கலாம். கடைக்கோ பத்திரிகைக்கோ தளம் செய்பவர்கள் படிவப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஆயத்தத் தமிழ் வாசகங்கள் தொகுப்பில் கிடையாது.