நேரலை வகுப்பா, பதிவுக் காணொளியா: மாணவரின் ஐயம் எங்கே தீர்கிறது?

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டதும், தமிழ்நாட்டில் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் தங்கள் கால அட்டவணையை அப்படியே கூகுள் மீட்டுக்கும் ஜூமுக்கும் மாற்றிக்கொண்டன. அந்த மாணவர்களில் பலர் அதற்கு முன்பே என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்திட்டத்தின் பாடங்களையும் படித்து வந்தவர்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய அத்திட்டம், 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்தி வருகிறது. ஒன்றில் ஆசிரியர் நேரலையில் பேசுகிறார். மற்றதில் முன்பே பதிவு செய்த காணொளியில் பேசுகிறார். பாடம் நடத்தும் தரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மாணவருக்கு எழும் ஐயம் ஆசிரியரை எட்டுகிறதா, எட்டினால் எத்தகைய பதில் கிடைக்கிறது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு இவ்விரண்டையும் பார்க்கலாம்.

நேரலை வகுப்பின் பெரும் பலம் உடனடித் தன்மை என்பார்கள். கொள்கையளவில் அது சரிதான். நடைமுறையில், அறுபது பேர் கொண்ட வகுப்பில் கேமராக்கள் அணைந்திருக்க, முதல் சில நிமிடங்கள் “சார், ஆடியோ வரவில்லை”, “மேடம், ஸ்கிரீன் தெரியவில்லை” என்பதிலேயே கழிந்துவிடும். பாடத்தின் நடுவே “ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?” என்று ஆசிரியர் கேட்டால் பதில் வராது. வகுப்பறையில் முகக்குறியைப் பார்த்தே எந்த வரிசைக்குப் புரியவில்லை என்று கண்டுகொள்ளும் ஆசிரியருக்கு, பெயரின் முதலெழுத்து மட்டும் தெரியும் வட்டங்களிலிருந்து எதையும் படித்தறிய முடிவதில்லை. மாணவர் தரப்பிலும் மைக்கைத் திறந்து, அனைவரும் கேட்க, தடுமாறும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் துணிவு எளிதில் வருவதில்லை. இணையச் செலவு இன்னொரு தடை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழக அரசே வழங்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே ஓரளவு உயிரோடு இருந்தது சாட் பாக்ஸ் மட்டுமே. குரலில் கேட்கத் தயங்கியவர் அதில் ஒரு வரி தட்டச்சு செய்தார். பாடம் நடத்திக்கொண்டே அதைக் கவனிக்கும் பொறுப்பும் ஆசிரியர் தலையிலேயே விழுந்தது.

என்பிடெல் முறையில் 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வாரந்தோறும் காணொளிகளும் அசைன்மென்டும் வெளியாகும், கேள்விகளுக்கு ஒரு விவாத மன்றம் இருக்கும். அங்கே கேள்வியை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதால், கேட்பவர் தமக்கு எந்த வரியில் புரியவில்லை என்பதை முதலில் தாமே கண்டறிய வேண்டியிருக்கிறது. “மூன்றாம் வாரம், ஏழாம் கேள்வி, என் விடை ஏன் தவறு?” என்று ஒருவர் தம் கணக்கை முழுதாக எழுதி வைத்தால், அதே இடத்தில் சிக்கிய மற்றவர்களும் அங்கே கூடிவிடுகிறார்கள். சில சமயம் விடைக்குறிப்பே பிழை என்று தெரியவந்து, அனைவருக்கும் மறுமதிப்பீடு அறிவிக்கப்படும். ஒரு மாணவரின் மறுப்பு எல்லாருடைய மதிப்பெண்ணையும் மாற்றும் இந்த நிகழ்வு, நேரலையில் நான் அரிதாகவே காணும் உரையாடல்.

குறையும் பெரிது. ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் பதிலளிப்பவர் பெரும்பாலும் உதவி ஆசிரியர்தான். காணொளியில் பேசிய பேராசிரியருக்கு நம் மாணவர் யாரென்றே தெரியாது. பதில் வருவதற்குள் அசைன்மென்டின் கடைசி நாள் கடந்துவிடுவதும் உண்டு. என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலிருந்து ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் மதிப்பலகு) பெறலாம் என்று 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்த பிறகு, மதிப்பெண்ணுக்காக மட்டும் சேர்பவர்களும் பெருகினார்கள். அவர்கள் மன்றத்தின் பக்கம் வருவது விடை கேட்கத்தான்.

இந்தச் சுமையை அமெரிக்கப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக் வேறு வழியில் எதிர்கொண்டது. அங்கே இணையவழி முதுகலைக் கணினிப் படிப்பு 2014இல் தொடங்கியது. 2016இல் பேராசிரியர் அசோக் கோயல் தம் பாடத்தின் மன்றத்தில் ‘ஜில் வாட்சன்’ என்ற மென்பொருளை உதவி ஆசிரியராக அமர்த்தினார். அது மனிதரல்ல என்பது பருவ இறுதியில்தான் மாணவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. கடைசி நாள் எது, எந்த வடிவில் சமர்ப்பிப்பது போன்ற கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. மன்றத்துக்கு வரும் கேள்விகளில் கணிசமானவை இத்தகையவையே என்பதால், அவற்றை அகற்றினால் ஆசிரியருக்கு மிஞ்சும் நேரம் பாட ஐயங்களுக்குப் போகும்.

வாட்ஸ்அப் குழுவை மூன்றாவது வழியாகச் சொல்வோர் உண்டு. அறிவிப்புக்கு அது போதும். இரவு பதினொரு மணிக்கு வந்த நல்ல கேள்வி காலையில் ‘குட் மார்னிங்’ படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

என் தேர்வு இரண்டையும் பிரித்து வைப்பது: விளக்கவுரை பதிவுக் காணொளிக்கு, நேரலை நேரம் முழுதும் கேள்விக்கு. சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பு ஏறத்தாழ இப்படித்தான் அமைந்திருக்கிறது. வாரக் காணொளிகள், மன்றம், ஐயம் தீர்க்கும் நேரலை அமர்வுகள், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். மன்றத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளோடு ஆசிரியர் நேரலைக்கு வந்தால், யாரும் மைக்கைத் திறக்காவிட்டாலும் பேசுவதற்குப் பொருள் இருக்கும். ஆனால் நம் கல்லூரிகள் இதற்கு மாறுவதற்குமுன் பணிநேரக் கணக்கைத் திருத்த வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது யுஜிசி விதி. மன்றத்தில் பதில் எழுதும் நேரத்துக்கும் அந்தப் பதினாறில் இடம் தரவில்லையென்றால், அந்தப் பதில்களை எழுத யாரும் இருக்கமாட்டார்கள்.