விளம்பரமா, சந்தாவா, சொந்தச் சரக்கா? தையல் வலைப்பூவை முழுநேரத் தொழிலாக்கியதில் கண்டவை

பிளவுஸ் வெட்டும் முறைகளைத் தமிழில் எழுதிவந்த என் வலைப்பூவை முழுநேரத் தொழிலாக மாற்றுவது என்று முடிவானபோது, பணம் வரக்கூடிய வழிகள் நான்கு இருந்தன: கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம், பிறர் பொருளைப் பரிந்துரைத்துப் பெறும் கமிஷன், வாசகர் கட்டும் மாதச் சந்தா, நானே தயாரித்து விற்கும் பொருள். நான்கையும் ஏதோ ஓர் அளவில் செய்து பார்த்துவிட்டேன். இப்போது வீட்டுச் செலவு நான்காவது வழியில்தான் ஓடுகிறது. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வலைப்பூவை எந்தத் தளத்தில் நடத்துவது, பிளாக்கரா வேர்ட்பிரஸ்ஸா என்ற விவாதத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: எதில் எழுதினாலும் சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் பதிவான இணைய முகவரி, வாங்கிக்கொள்ளுங்கள். 2020இல், பிளாக்கர் வலைப்பூக்களின் இந்திய முகவரியான பிளாக்ஸ்பாட் டாட் இன் கூகுளின் கையை விட்டுப் போய், அந்த முகவரியைச் சுட்டியிருந்த பழைய இணைப்புகள் எல்லாம் திறக்காமல் போனதை அக்காலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்த டொமைன் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் முடியும் செலவு. நல்ல படம் எடுப்பது, வாரம் தவறாமல் எழுதுவது, கைப்பேசியில் சரியாகத் தெரியும்படி பக்கத்தை அமைப்பது போன்றவை நான்கு வழிக்கும் பொதுவானவை என்பதால் அவற்றையும் விட்டுவிடுகிறேன்.

ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கப்பட்டபோதிலும் தமிழ்ப் பக்கங்களை அது முறைப்படி ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். சேர்வது எளிது. வரவு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்கு அஞ்சலில் ஒரு பின் எண் வரும். 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் வங்கிக் கணக்கில் பணம் ஏறும். சிக்கல் தொகையில் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, ஆயிரம் பக்கப் பார்வைக்கு 80 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் வேண்டுமானால் 5 லட்சம் பார்வைகள் வேண்டும். ஆங்கிலத்தில் காப்பீடு, கடன் பற்றி எழுதுகிறவருக்கு இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையலாம். பிளவுஸ் கட்டிங் தேடி வரும் தமிழ் வாசகருக்காக விளம்பரதாரர்கள் அப்படிப் போட்டியிட்டுக்கொண்டு பணம் கொடுப்பதில்லை.

இதே 40,000 ரூபாயைச் சொந்தப் பொருளில் ஈட்டுவதற்கான கணக்கு வேறு. துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம் அடங்கிய பேட்டர்ன் கோப்பு ஒன்றை 199 ரூபாய்க்கு விற்றால், பணம் வாங்கித் தரும் நிறுவனம் வழக்கமாக எடுக்கும் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போக ஏறத்தாழ 194 ரூபாய் 30 காசு கைக்கு வரும். 206 பேர் வாங்கினால் போதும். வருகிறவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் வாங்குவதாகக் கொண்டால், சுமார் 41,000 பேர் வந்துபோக வேண்டும். ஐந்து லட்சத்துக்கும் நாற்பத்தோராயிரத்துக்கும் இடையிலுள்ள தூரம் என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு மிகப் பெரியது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கணக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு வழியில் வரும் வருமானத்தை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே அளவில் தக்கவைக்க எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்வியையே நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். வேலையை விட்டுவிட்டு இதற்குள் வருகிறவர்கள் தொடக்க வருமானத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். பராமரிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விளம்பர வழியில் பராமரிப்பு என்பது தேடல் முடிவுகளில் இடத்தைத் தக்கவைப்பதாகும். பழைய கட்டுரைகளைத் திருத்த வேண்டும், புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படிச் செய்தும் கூகுளின் ஒரு மாற்றத்தில் பாதி வருகை போகலாம். 2023 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு பல நாடுகளிலும் தனிநபர் நடத்திய சிறு தளங்கள் வருகையைப் பெருமளவில் இழந்தன. 2024 ஆகஸ்டில், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்க விடை இந்தியாவுக்கும் வந்தது. முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் என்றாலும், போகும் திசை தெளிவாகத் தெரிந்தது. “ஆம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) அளவு எப்படிக் கணக்கிடுவது” என்ற கேள்விக்குத் தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிட்டால், விளம்பரம் இருக்கும் என் பக்கத்துக்கு யார் வருவார்கள்?

பரிந்துரைக் கமிஷனை நான் விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன். அமேசான் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் சேர்த்தால்தான் கமிஷன் நம் கணக்கில் வரும். தையல் இயந்திரம் அப்படி வாங்கப்படும் பொருளே இல்லை. வீட்டில் பேசி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, மோட்டார் வைத்ததா கால் மிதியா என்று யோசித்து, கடைசியில் ரிப்பேருக்கு வசதி என்று உள்ளூர்க் கடையிலேயே வாங்குவார்கள். போதாததற்கு, மாடல் மாறும்போதும் விலை மாறும்போதும் பழைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கமிஷன் விகிதமும் நம் கையில் இல்லை: 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அறைகலன், வீட்டுப் பொருட்களுக்கான விகிதத்தை அமேசான் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஒரே நாளில் குறைத்தது.

சந்தா முறையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சிறிது காலம் நடத்திப் பார்த்து நிறுத்தியவன் என்ற அளவிலேயே சொல்கிறேன். கொள்கையளவில் இதுதான் மிக அழகான வழி, ஏனென்றால் நேரே வாசகரே எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார். நடைமுறையில் இந்தியாவிலிருந்து இதைச் செய்வதில் முடிச்சுகள் உண்டு. சந்தா மடல் நடத்த உதவும் சப்ஸ்டாக் தளம் 10 சதவீதம் எடுத்துக்கொள்வதோடு, பணம் வாங்க ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கையும் கேட்கிறது. ஸ்ட்ரைப்போ 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அழைப்பின் பேரில் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கிறது. அதுபோன்ற இன்னொரு நிறுவனமான பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. முதல் முறை ஒப்புதல் பதிவு, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு என்று ஆனது. நுகர்வோருக்கு நல்ல விதி அது. அறிவிப்பு வரும் ஒவ்வொரு மாதமும் “இந்த மாதம் தேவையா?” என்று வாசகர் யோசிப்பதும் இயல்புதான். யுபிஐ வழியே மாதந்தோறும் தானாகப் பணம் செலுத்த 2020இல் வந்த யுபிஐ ஆட்டோபே இதைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. எனினும் மாதம் பிறந்தால் சந்தாதாரருக்குப் புதிதாக ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மாதம் உடல்நிலை சரியில்லாமல் படுத்தால் அவர்கள் விலகுவதில் தவறே இல்லை. அரசியல் அல்லது பங்குச் சந்தை பற்றி எழுதுகிறவர்களுக்கு வாராவாரம் புதுச் செய்தி கிடைக்கும். பிளவுஸில் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது!

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. ஏ4 தாளில் அச்செடுத்து ஒட்டி, துணிமேல் வைத்து நேராக வெட்டிக்கொள்ளும்படியான பேட்டர்ன் கோப்புகளை விற்கிறேன்: 4 டாட், பிரின்சஸ் கட், கட்டோரி என ஒவ்வொரு பிளவுஸ் வகைக்கும் 28 முதல் 44 வரையிலான சைஸ்கள். ஒரு வகையைத் தயாரிப்பது நீண்ட வேலை. ஒவ்வொரு சைஸையும் வரைந்து, காடாத் துணியில் தைத்து, அந்த அளவுள்ள ஒருவருக்குப் போட்டுப் பார்த்து, தோள் இறங்குகிறதா, அக்குளில் இழுக்கிறதா என்று திருத்தி, அதன் பிறகே கோப்பாக்க வேண்டும். சில வாரங்கள் ஒரு ரூபாய்கூட வராமல் உழைக்க வேண்டிவரும். ஆனால் முடித்துவிட்டால் அது பழையதாவதில்லை. கழுத்து இறக்கமும் கை நீளமும் ஃபேஷனுக்குத் தக்கபடி மாறலாம். 36 அங்குல மார்புச் சுற்றளவுக்கான ஆம்ஹோல் வளைவு அடுத்த தீபாவளிக்கும் அதே வளைவுதான். தென்னங்கன்று வைத்தவனின் முதல் சில ஆண்டுகளைப் போல, செலவெல்லாம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இந்த வழியிலும் பராமரிப்பு உண்டு, அது முழுவதும் வாங்கியவர்களின் கேள்விகளாக வருகிறது. நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்துதான் பெரும்பாலான புகார்கள் வந்தன: ஜெராக்ஸ் கடை. கோப்பை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் பழக்கத்தில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். 94 சதவீதத்துக்குச் சுருங்கினாலே 36 அங்குலம் ஏறத்தாழ 34 ஆகிவிடும். வாங்கியவர் துணியை வெட்டித் தைத்த பிறகு, “பேட்டர்ன் தப்பு, ஊக்கு மாட்டவே முடியவில்லை” என்று எழுதுவார். இப்போது ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் சரியாக இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் முதலில் அச்செடுத்து, டேப்பை வைத்து அளந்து, சரியாக இருந்தால் மட்டுமே மற்றவற்றை எடுக்கும்படி கேட்டுக்கொள்ளும் வரியும், கடைக்காரரிடம் அப்படியே காட்டுவதற்கான ஒரு வரியும் அதன் கீழே உள்ளன. அந்த ஒரு பக்கம் வந்த பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. விளம்பர வழியில் இப்படி ஒரு பிரச்சினையை ஒரே முறையில் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்ததே இல்லை.

கோப்பை ஒருவர் வாங்கிக் குழுவில் பகிர்ந்துவிடுவதுதானே நடக்கும் என்று கேட்பார்கள். நடக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் வாங்கியவர் பெயர் அச்சாகும்படி செய்திருக்கிறேன்; அதற்கு மேல் துரத்துவதில்லை. இலவசமாகக் கிடைத்த 34 சைஸில் தைத்துப் பார்த்தவர், அம்மாவுக்கு 42 வேண்டும் என்று காசு கொடுத்து வாங்க வருவதும் உண்டு. இதனால் நட்டம் அதிகமா லாபம் அதிகமா என்பதை அளக்க எனக்கு வழியில்லை.

தேடலை நம்பியிருக்கும் நிலையும் முற்றாக நீங்கிவிடவில்லை, ஏனெனில் புதியவர்கள் இன்னும் இலவசக் கட்டுரைகள் வழியாகவே வருகிறார்கள். வேறுபாடு என்னவென்றால், வாங்கியவரின் மின்னஞ்சல் அவர் ஒப்புதலோடு என்னிடம் இருக்கிறது. புதிய பேட்டர்ன் வந்தால் முதலில் வாங்குவதும் அவர்களே. இந்தியாவின் முதல் தொழில்முறை வலைப்பதிவர் என்று பரவலாக அறியப்படும் அமித் அகர்வால் 2004இல் தொடங்கிய டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன் தளத்தை இன்று போய்ப் பார்த்தாலும், மெயில் மெர்ஜ் போன்ற அவருடைய சொந்த மென்பொருள் நீட்சிகளே முன்னால் நிற்கின்றன. தொழில்நுட்பக் கட்டுரைகள் அவற்றுக்கு ஆள் கூட்டிவரும் வாசலாகவும் இருக்கின்றன.

யாருக்கு விளம்பரம் பொருந்தும்? ஆசிரியர் பணிமாறுதல், தேர்வு முடிவு, அரசாணை போன்றவற்றை உடனுக்குடன் தரும் தளங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். காலையில் எழுதியது மாலையில் பழையதாகிவிடும் துறையில் விற்க என்ன இருக்கிறது? அங்கே கூட்டம்தான் சரக்கு. அந்தத் துறையில் நான் எழுதியதில்லை என்பதால் இதை வெளியிலிருந்து பார்ப்பவரின் கருத்தாகவே கொள்ளவும். வீட்டில் ஏற்கெனவே சம்பளம் வந்துகொண்டிருந்து, கைச்செலவுக்கு மட்டும் போதும் என்பவர்களும் விளம்பரத்தோடு நின்றுவிடலாம். கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை மிச்சம்.

என் தளத்திலும் விளம்பரத்தை அடியோடு எடுத்துவிடவில்லை. ஊசி எண், நூல் வகை, இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் முறை போன்ற, நான் எதையும் விற்காத பக்கங்களில் அது இருக்கிறது. பேட்டர்னுக்கு அழைத்துச் செல்லும் பக்கங்களில் இல்லை. வாங்கும் எண்ணத்தோடு வந்தவரைச் சில காசுகளுக்காக வேறொருவர் கடைக்கு அனுப்பிவைப்பதில் பொருளில்லை.

இன்னும் எனக்குப் பிடிபடாதது வெளிநாட்டு விலை. கனடாவிலும் பிரிட்டனிலும் உள்ள தமிழர்கள் வாங்குகிறார்கள். அங்கே பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் கூலியை ஒப்பிட்டால் 199 ரூபாய் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் வெளிநாட்டு அட்டைகளை ஏற்பதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, கட்டணமும் கூடுதல். டாலரில் தனி விலை வைத்தால் அவர்கள் ஊரிலுள்ள தங்கையிடம் சொல்லி வாங்கிக்கொள்வார்களோ என்ற ஐயமும் இருக்கிறது. இப்போதைக்கு எல்லோருக்கும் ஒரே விலை.