ஹூலா: வடித்த வயலா, விட்டுவைத்த சதுப்பா?

வடக்கு இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் சதுப்பை வடித்து வயலாக்குவது, அப்படியே விட்டுவைப்பது என்ற இரண்டு வழிகளையும் அருகருகே பார்க்கலாம். 1951 முதல் 1958 வரை அங்கிருந்த ஏரியையும் சதுப்பையும் வடித்தார்கள். ஒரு மூலை மட்டும் தப்பி, 1964இல் அந்நாட்டின் முதல் இயற்கைக் காப்பகமானது.

வடித்தவர்களைக் குறை சொல்வது எளிது. விளைநிலம் தேவைப்பட்டது, மலேரியா பயமும் உண்மையானது. நிலம் கிடைத்தது, விளைச்சலும் வந்தது. சிக்கல் மண்ணில்தான். கோரையும் நாணலும் காலங்காலமாய் மக்கிச் சேர்ந்த கறுப்பு பீட் மண் அது. தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை பத்திரம். காய்ந்து காற்றுப் பட்டால் சிதையும், பொடியாகிப் பறக்கும், தரைக்கு அடியிலேயே தீப்பிடித்துப் புகையும். வயல்கள் கொஞ்சங்கொஞ்சமாகத் தாழ்ந்தன. மண்ணிலிருந்து கழுவப்பட்ட நைட்ரேட், ஜோர்தான் ஆறு வழியாகக் கலிலேயக் கடல் என்னும் நன்னீர் ஏரியில் போய்ச் சேர்ந்தது.

காப்பகமோ சிறு துண்டுதான். ஆனால் 1996இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஹூலா வண்ணத் தவளை, 2011இல் அங்கேதான் மறுபடி தென்பட்டது. கருத்த வயிற்றில் வெள்ளைப் பொட்டுகள் தெளித்த தவளை! அதை எந்த விளைச்சல் கணக்கில் எழுதுவது?

பீட் மண்ணென்றால் நான் தண்ணீரின் பக்கம். அங்கேயும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள்: 1994இல் பாழான வயல்களில் ஒரு பகுதிக்குத் திரும்ப நீர் விட்டு அகமோன் ஏரியை உருவாக்கினார்கள். குளிர்காலத்தில் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. சுற்றியுள்ள பயிரில் அவை வாய் வைக்காதிருக்க, தனியாக மக்காச்சோளம் போடுகிறார்கள்.