எட்டு வருஷம், ஆறு எஃப்.சி.: என் பழைய எட்டியோஸ் டீசல்

இந்த மாதம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரும் சான்றிதழ்) காட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். வண்டி டொயோட்டா எட்டியோஸ் டீசல், 2014 மார்ச்சில் பதிவானது. 2017 ஜூனில் ஒரு டிராவல்ஸிடமிருந்து வாங்கினேன். அப்போது மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர், இன்றைக்கு 3,94,000. என் கைக்கு வந்த பிறகு ஆறு முறை எஃப்.சி. காட்டியாயிற்று. ஐந்து முறை போன அன்றே பாஸ். ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதையைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அதுதான் ரொம்ப உபயோகப்படும்.

சொந்த கார் வைத்திருப்பவர்களுக்கு 15 வருஷம் வரை இந்தக் கவலை கிடையாது. மஞ்சள் போர்டு வண்டி அப்படி இல்லை. நான் வாங்கிய காலத்தில் புது டாக்சிக்கு முதல் இரண்டு வருஷம் போக, அப்புறம் வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். 2018 நவம்பரில் விதி மாறி, எட்டு வயது வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷம் தவறாமல் என்று ஆனது. அதனால் என் கணக்கு 2018, 2019, 2021, 2023, 2024, 2025. நடுவில் 2021 மார்ச்சில் முடிந்ததைக் கொரோனா நீட்டிப்பு அக்டோபர் கடைசி வரை தாங்கியது. செப்டம்பரில் காட்டினேன், அதிலிருந்து செப்டம்பர்தான் எனக்கு எஃப்.சி. மாதம். மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆவது பிரிவின்படி எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி பதிவே செல்லாத வண்டிக்குச் சமம். ஒரு நாள் தவறினாலும் வண்டியை வாசலில்தான் நிறுத்த வேண்டும்.

வண்டி ஓடுவது கும்பகோணத்தில். பெரும்பாலும் நவகிரகக் கோயில் சவாரி. விடியற்காலை திங்களூரில் தொடங்கி ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டினால் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். இந்தச் சுற்றில் வண்டியை அரிப்பது இரண்டு விஷயம். ஒன்று, திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் பக்கம் அடிக்கும் கடல் காற்று. இன்னொன்று தை, மாசி அறுவடையில் ரோட்டில் பரப்பும் வைக்கோல். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. வைக்கோல் மேல் வண்டியை ஏற்றினால் ஒவ்வொரு தாளாக ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். சுற்றியதை எடுக்காமல் விட்டால் ஆக்சில் பூட் ரப்பர் கிழியும், கிரீஸ் வீல் உள்பக்கம் முழுக்கத் தெறிக்கும். இரண்டு தடவை பூட் மாற்றியிருக்கிறேன், இரண்டுமே அறுவடைக்கு அடுத்த மாதம். சைலன்சர் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இப்போதெல்லாம் வைக்கோல் ரோட்டைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, குனிந்து ஒரு பார்வை பார்க்காமல் கிளம்புவதில்லை.

எஃப்.சி. அன்று பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், முதலில் பார்ப்பது காகிதங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், டாக்ஸ், புகைச் சான்றிதழ், ஸ்பீடு கவர்னர் சான்றிதழ். அப்புறம் சேசிஸ் நம்பர், வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண். அந்த இடத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பதினேழு எழுத்தும் வெள்ளையாக எழும்பி வர வேண்டும். சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. 2019-ல் போனபோது நடுவில் மூன்று எழுத்து மொழுக்கென்று வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, நம்பரைத் திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால் வண்டியே போச்சு. பார்த்தால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பள்ளத்தை அடைத்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை அந்த இடத்தைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி வைக்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு போய் இதைச் செய்து பாருங்கள். இன்ஜின் சத்தம் கேட்பதைவிட இது முக்கியம்.

இனி 2023. அந்த வருஷம் எஃப்.சி.க்கு மூன்று வாரம் முன்னால் பின் பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றினேன். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பாய் ஊரில் இல்லாததால் வேறொரு பட்டறையில் விட்டேன். வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தேன், பெடல் நன்றாக இருந்தது. டின்கரிங் பார்த்து, பட்டி வைத்து, இரண்டு கதவுக்குப் பெயிண்ட் அடித்து, வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டு போய் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹேண்ட் பிரேக்க இழுங்க. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்றார்.

பிரேக் பிடித்தால் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்கவில்லை. வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்தது. மறுபடி இழுத்தேன், பதினொரு கிளிக் வரை வந்தது. மறுபடியும் நகர்ந்தது.

"ஏம்ப்பா, கொடைக்கானல் சவாரி வந்தா ஆளுங்கள ஏத்திட்டு இதோடதான் போவீங்களா? சரி பண்ணிட்டு வாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு குடும்பத்தைக் கொல்லிமலைக்கு ஏற்றிப் போய்வந்திருந்தேன். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். அன்றைக்குப் பழைய ஷூ, பிரேக் பிடித்தது. ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் கை சில்லிட்டது.

பாய் ஊர் திரும்பியதும் டிரம்மைக் கழற்றினார். ஷூ புதுசு, ஸ்பிரிங் சரி, கேபிளும் சரி. அப்புறம் அட்ஜஸ்டரைக் கையில் எடுத்து நகத்தால் சின்னச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். "பாருங்க தம்பி, இது வலது பக்கத்துது, இடதுல போட்டிருக்காங்க. மரை எதிர்ப்பக்கம்." டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேய அந்த அட்ஜஸ்டர் தானாகத் திரும்பி இடைவெளியைக் குறைக்க வேண்டும். இடம் மாறினால் தலைகீழாக வேலை செய்யும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஷூ டிரம்மை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். மூன்று வாரத்தில் அதுதான் நடந்திருக்கிறது. முன்னால் டிஸ்க் நன்றாகப் பிடித்ததால் காலில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். புதுப் பொருள் ஒன்றும் தேவைப்படவில்லை, அரை நாள் கூலிதான். இரண்டு நாள் கழித்துப் போனேன், ஆறாவது கிளிக்கில் வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது.

எஃப்.சி.யைச் சடங்கு என்று ஸ்டாண்டில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த இன்ஸ்பெக்டருக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். இப்போது மாதத்துக்கு ஒரு நாள், சவாரி இல்லாத காலையில், அவர் செய்யச் சொன்னதை நானே செய்து பார்க்கிறேன்.

புகையைப் பொறுத்தவரை இந்த 1,364 சி.சி. இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், அதோடு ஆயில் ஃபில்டர். ஏர் ஃபில்டரை நடுவில் ஒரு தடவை ஊதிச் சுத்தம் செய்வேன், செங்கல் சூளைப் பக்கம் ஓடினால் அதற்கு முன்னாலேயே. புகைச் சீட்டுகளை ஒன்று விடாமல் ஃபைலில் வைத்திருக்கிறேன். 2018-ல் புகையின் கருமை அளவு 22 வந்தது. டீசல் வண்டிக்கு பி.எஸ். 4 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) என்றால் 50 வரையும், அதற்கு முந்தையது என்றால் 65 வரையும் போகலாம். வருஷத்துக்கு மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே வந்து 2023 தொடக்கத்தில் 41-ஐத் தொட்டது. பாஸ்தான். ஆனாலும் மேடு ஏறும்போது கண்ணாடியில் கறுப்பு தெரிய ஆரம்பித்தது, மைலேஜும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வைப் பாய் கழற்றிக் காட்டியபோது, அடுப்புக்கரி மாதிரி புகைக்கரி பாதிக் குழாயை அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டரை டெஸ்ட்டுக்கு விட்டு வாங்கி மாட்டியதும் 19. சீட்டில் பாஸ் என்று போட்டிருந்தாலும் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வண்டி நோவதை அது ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிடும்.

மற்றவை சின்னச் சின்ன வேலை. எட்டியோஸுக்கு முன்னால் ஒரே ஒரு வைப்பர். வேறு வண்டியில் ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று இருக்கும், இதில் அது போனால் ஐப்பசி மழையில் வண்டி நின்றுவிடும். அதனால் ஆவணி முடிவதற்குள் ரப்பர் மாற்றிவிடுவேன், எஃப்.சி.க்கும் அது பொருந்திப்போகிறது. ஹெட்லைட் கண்ணாடி பத்து வயதில் மஞ்சள் பூத்தது. 2024-ல் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்து கொண்டு போனேன். கம்பெனி கொடுத்த ஹாலஜன் பல்பே போதும். எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும் எல்.இ.டி. போட்டு இன்ஸ்பெக்டரிடம் கழற்றச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை வரிசையில் பார்த்திருக்கிறேன். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் விடும். நான் 3 வந்ததும் மாற்றுகிறேன், ஈர ரோட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

எஃப்.சி.யில் கண்ணுக்குப் படாத செலவு சஸ்பென்ஷன்தான். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, பின் ஷாக் அப்சார்பர். குத்தாலம் தாண்டி உள்ளே போகும் கோயில் ரோடுகளில் புஷ் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்கியதில்லை. ஸ்பேர் விலை கட்டுப்படியாகிறது. 2020-ல் வண்டி உற்பத்தி நின்ற பிறகு பொருள் கிடைக்காமல் போகுமோ என்று பயந்தேன். இதுவரை எந்தப் பொருளுக்காகவும் மூன்று நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை, இவ்வளவு எட்டியோஸ் டாக்சியாக ஓடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடிப்பாகத் துருவும் இதுவரை மேலோட்டம்தான். மழைக்காலம் முடிந்ததும் லிஃப்ட்டில் ஏற்றித் தண்ணீர் அடித்துக் காயவைத்து ஆன்ட்டி ரஸ்ட் அடிக்கிறேன்.

இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் 2016-க்குப் பிறகு வந்த பிளாட்டினம் மாடலையே தேடுங்கள். அதில் ஏ.பி.எஸ்.ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இரண்டு ஏர்பேக்கும் எல்லா வகையிலும் உண்டு. என் வண்டியில் அந்த இரண்டும் கிடையாது, எட்டு வருஷத்தில் எனக்கு மனக்குறை அது ஒன்றுதான். வண்டிக்கு வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறுகிறது, அதையும் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.

நேற்று ஸ்டாண்டில் ஒரு தம்பி 2017 மாடல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து போட்டோ காட்டினான். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. சனிக்கிழமை காலை அந்த வண்டியைப் பாயிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காகிதமும் பென்சிலும் நான் எடுத்துப் போகிறேன், பின் டிரம் இரண்டையும் பாய் கழற்றிப் பார்ப்பார்.