புளோட்டினஸா, இயாம்பிளிகஸா?

மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் தத்துவப் பாடம் சொன்னவர் புளோட்டினஸ். அடுத்த தலைமுறையில் சிரியாவில் பள்ளி நடத்தியவர் இயாம்பிளிகஸ். இருவருக்கும் பிளேட்டோதான் ஆசான். எல்லாம் 'ஒன்று' என்று அவர்கள் சொல்லும் மூலத்திலிருந்து வந்தது, அங்கேயே திரும்ப வேண்டும் என்பதிலும் தகராறு இல்லை. தகராறெல்லாம் 'நான்' யார் என்பதில்தான். இருவரையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு நான் புளோட்டினஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன், நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஆன்மா முழுசாகக் கீழே இறங்கவில்லை, அதில் ஒரு பகுதி எப்போதும் மேலேயே இருக்கிறது என்பது புளோட்டினஸ் கட்சி. அப்படியானால் தன்னை அறிய வெளியே எதையும் தேட வேண்டாம்; சிற்பி மாதிரி வேண்டாததைச் செதுக்கித் தள்ளினால் போதும். இயாம்பிளிகஸோ ஆன்மா முழுசாகவே இறங்கிவிட்டது என்கிறார். வெறும் சிந்தனை அதைத் தூக்கிவிடாது. கல், மூலிகை, வாசனைப் பொருள் வைத்துச் செய்யும் சடங்குகள் வழியே தெய்வங்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

மேலே ஒரு பகுதி எந்நேரமும் ஆனந்தத்தில் இருந்தால், நாம் ஏன் இப்போதே ஆனந்தமாக இல்லை? இயாம்பிளிகஸின் இந்தக் கேள்வியில் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். இதற்கான பதில் புளோட்டினஸிடம் முன்பே இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் பிம்பம்தான் போகும், எதிரே நிற்பவர் போவதில்லை. மேலே நடப்பதைக் காட்டும் கண்ணாடிதான் நம் உணர்வு; அது உடைந்தால் நமக்குத் தெரியாமல் போகுமே தவிர மேலே நடப்பது நிற்காது என்கிறார். ஆழ்ந்து படிப்பவனுக்கு 'நான் படிக்கிறேன்' என்ற நினைப்பே இருக்காது என்றும் சொல்கிறார். போன வாரம் அடுப்பில் பால் வைத்துவிட்டு இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் படித்துக்கொண்டிருந்ததே உறைத்தது. உறைத்ததும் படிப்பு நின்றுவிட்டது. பாத்திரம் இன்னும் ஊறுகிறது.

உள்ளே திரும்பச் சொல்பவர் அடுத்தவரை மறந்துவிடுவாரே என்ற சந்தேகம் நியாயமானது. காளை வடிவ உலோகக் கூண்டில் வைத்து வாட்டினாலும் ஞானியின் இன்பம் குறையாது என்று எழுதியவர் அவர். எனக்கு அது செரிக்கவில்லை. ஆனால் சீடர் போர்பிரி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வேறொரு மனிதர் தெரிகிறார். அநாதைப் பிள்ளைகள் அவர் வீட்டில் நிறைந்திருந்தார்கள். அவர்கள் தத்துவத்துக்கு வரும்வரை சொத்து குறையாமல் இருக்கட்டும் என்று கணக்குகளை அவரே சரிபார்த்தார். போர்பிரி தற்கொலை எண்ணத்தில் இருந்தபோது திடீரென்று அவர் வீட்டுக்கே போய், இது அறிவின் முடிவல்ல, மனச்சோர்வு நோய் என்று சொல்லி ஊர் மாற்றி அனுப்பியவரும் அவர்தான். போர்பிரி போனது சிசிலிக்கு. உள்ளே ஒரு கண், கணக்கில் ஒரு கண். என்னைச் சாய்த்தது இதுதான்.

உடம்பு விஷயத்தில் மட்டும் என் ஓட்டு இயாம்பிளிகஸுக்கு. உடம்பில் இருப்பதற்கே கூச்சப்பட்டவர் புளோட்டினஸ். தன்னை யாரும் படம் வரைய உட்காரக்கூட மறுத்தார். இயாம்பிளிகஸுக்குக் கல்லும் மூலிகையும் தெய்வத்தின் அடையாளம் தாங்கியவை. சடங்குகளை நான் செய்து பார்த்ததில்லை, புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறேன். செய்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே மரபில் பின்னால் வந்து, ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இருந்த புரோக்ளஸ், இறையியலின் அடிப்படைகளை 211 கூற்றுகளாக அடுக்கினார். தனி ஆன்மா இறங்கும்போது முழுசாகவே இறங்குகிறது என்பதுதான் அதில் 211-வது; அதாவது, அவர் ஓட்டு இயாம்பிளிகஸுக்கு.