சோடியம் சிலிக்கேட்டுக்குப் பதில் பாலிஅக்ரிலேட்: ஒரு பீங்கான் பட்டறையின் மதிப்புரை

ஐந்து லிட்டர் கேன். வெளிர் மஞ்சள் நிறத்தில் சற்றே கெட்டியான திரவம். வாடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லேபிளில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பெயரும், களிமண், கிளேஸ் (பீங்கான்மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு), பெயின்ட் என எல்லாக் கனிமக் கலவைக்கும் ஏற்றது என்ற பெருமையும் அச்சாகியிருந்தன. பெயர் உண்மை. பெருமையில் பாதிதான் உண்மை.

எங்களுடையது விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பட்டறை. சீனக்களிமண், நெய்வேலிப் பக்கத்துக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் நான்கையும் தண்ணீரில் கரைத்து சிலிப் ஆக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றிப் பொம்மையும் விளக்கும் எடுக்கிறோம். வெறும் தண்ணீரை மட்டும் வைத்து ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவரப் பார்த்தால் அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடிக்கும். அச்சு ஊறிப்போகும், பொம்மை காயும்போது சுருங்கி வெடிக்கும். தண்ணீரைக் கூட்டாமல் சிலிப்பை இளக்க ஒரு மருந்து வேண்டும். மாமனார் காலத்திலிருந்து அது சோடியம் சிலிக்கேட்டும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட்) தான்.

பாலிஅக்ரிலேட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. செய்யும் விதம் வேறு. இது நீளமான சங்கிலி மூலக்கூறு. சங்கிலி நெடுக எதிர்மின்னேற்றம் இருக்கிறது. களிமண் துகளின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு துகள்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால் கொத்தாகச் சேர்வதில்லை. சிக்கிக் கிடந்த தண்ணீர் விடுபட்டு சிலிப் ஓடுகிறது. காய்ந்த மண் 100 கிலோவுக்கு 200 முதல் 300 கிராம் போதும். லிட்டர் ஜாடியில் பிடித்து நிறுத்தால் 1,780 கிராம் காட்டும் சிலிப், அவ்வளவு கனத்திலும், இளக்கம் பார்க்கும் கோப்பையின் அடித்துளை வழியே அறுபடாமல் இறங்குகிறது.

எனக்குப் பிடித்தது மறுநாள் காலைதான். சிலிக்கேட் போட்ட சிலிப் இரவெல்லாம் டிரம்மில் கிடந்தால் காலையில் தயிராக உறைந்திருக்கும். கிளறி வழிக்கு வரவைப்பதற்குள் தோள் விட்டுப்போகும். இது லேசாகக் கலக்கியதும் ஓடுகிறது. அச்சில் ஊற்றும் அக்கா எந்தப் புதுச் சரக்கையும் சந்தேகத்தோடு பார்ப்பவர். இந்தக் கேன் எப்போது தீரும் என்று அவரே விசாரிக்கிறார்.

அச்சுகளுக்கும் நல்லது. சிலிக்கேட்டும் சோடா ஆஷும் பிளாஸ்டரோடு வினைபுரிந்து அச்சின் முகத்தில் படிவு கட்டும். முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும். நுண்துளை அடைபட்ட அச்சு தண்ணீரை உறிஞ்சாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பாலிஅக்ரிலேட்டில் இந்தத் தொல்லை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகக் குறைவு. கிலோ விலை எங்களுக்கு ஏழெட்டு மடங்காகிறது. ஒரு கலவைக்குப் போடுவது கிராம் கணக்கில்தான் என்பதால், அச்சு மிச்சமாவதோடு ஒப்பிட்டால் அது உறுத்தவில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. உப்புத் தண்ணீரில் பாதி மருந்து வீணாகிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியம் பாலிமரின் மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் போர் தண்ணீரில் போட்டதைவிட மழைநீரில் கணிசமாகக் குறைவாகவே செலவானது. அடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஓர் அளவைத் தாண்டினால் இளக்கம் மேலும் கூடுவதில்லை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அடியில் இறங்கத் தொடங்கும், அச்சின் உட்புறம் மண் சுவராகப் பிடிக்கவும் நேரமாகும். வேகமாகச் சுழற்றிக் கலக்கினால் நுரைக்கிறது, அந்த நுரை பொம்மையின் முகத்தில் ஊசித்துளையாக வந்து நிற்கும்.

இனி கிளேஸ். வாளியில் கிளேஸ் அடிதங்குகிறதா, இதையே இரண்டு மூடி ஊற்றுங்கள் என்றார் கடைக்காரர். ஒரு சின்னக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். முதலில் அழகாக இளகியது. மறுநாள் மேலே மங்கலான தண்ணீர். அடியில் கரண்டிக் காம்பு இறங்காத கெட்டிப் பாறை. இது சரக்கின் கோளாறு இல்லை, இடம் தவறு. எங்கள் கிளேஸில் களிமண் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கனமான துகள். ஒன்றையொன்று தள்ளும் துகள்கள் தனித்தனியாக விழுந்து, இடைவெளி விடாமல் அடுக்கிக்கொள்கின்றன. கிளேஸ் மிதக்க வேண்டுமானால் துகள்கள் லேசாகக் கைகோத்து நிற்க வேண்டும். அதற்கு நூற்றுக்கு இரண்டு பங்கு பென்டோனைட் களிமண்ணும், தண்ணீரில் கரைத்த எப்சம் உப்பு ஒரு சிட்டிகையும்தான் வழி. சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பசையும் உதவும், அதுவும் பாலிமர்தான், ஆனால் தண்ணீரையே கெட்டியாக்கித் துகள்களைத் தாங்குகிறது. சித்திரை வெயிலில் அது அழுகி நாறும், கெட்டித்தன்மையும் போய்விடும் என்பதால் நான் கொஞ்சமாகவே கரைத்துக்கொள்கிறேன். எல்லாக் கனிமக் கலவைக்கும் என்று அச்சடித்தவர் ஒரு கிளேஸ் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் வெள்ளைத் தூளும் விற்கிறார்கள். அது சங்கிலிகளைக் குறுக்கே பின்னிய வகை, குழந்தைகளின் டயப்பரில் இருப்பது. சிலிப்பில் கொட்டினால் இருக்கிற தண்ணீரை எல்லாம் குடித்துக் களியாக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது திரவம். பெயின்டுக்கும் காகிதப் பூச்சுக்கும் சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரில் கலக்குகிறவர்கள் பயன்படுத்துவதும் இந்தத் திரவ வகையைத்தான்.

சிலிப்புக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம். கிளேஸுக்கு ஒன்றுகூட இல்லை. கடைக்காரரிடம் நான் கேட்பது ஒரு லிட்டர் பாட்டில். மாதத்துக்கு இருநூறு கிலோ மண் கரைக்கிற குடிசைப் பட்டறைக்கு ஐந்து லிட்டர் கேன் ஓராண்டுக்கு வரும். முதல் தடவை வாங்குகிறவர் அவ்வளவு பணத்தை ஏன் முடக்க வேண்டும்?