ரிக்கோ ஜிஆர் 3: கான்கிரீட் குடியிருப்புக்கு ஏற்ற கேமராவா?

கட்டடத்தை எடுக்க இதை வாங்காதீர்கள். அங்கே குடியிருக்கும் மனிதர்களை எடுக்க என்றால் தாராளமாக வாங்கலாம்.

நான் இதை அதிகம் பயன்படுத்தியது லண்டன் அலெக்சாண்ட்ரா ரோடு குடியிருப்பில். நீவ் பிரவுன் வடிவமைத்து 1978-இல் முடிந்த புரூட்டலிச வளாகம் அது; கான்கிரீட்டை மறைக்காமல் அப்படியே காட்டும் பாணி. ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி, தெருப்பக்கம் படிக்கட்டுபோல் அடுக்கடுக்காகப் பின்வாங்கும் எட்டு மாடி. எதிரே நாலு மாடி. நடுவே ஆட்கள் மட்டும் நடக்கும் வளைந்த தெரு. பால்கனி தவறாமல் செடி. இங்கே பெரிய கேமராவைத் தூக்கினால் மேலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். நியாயம்தான், அது அவர்கள் வீட்டு வாசல். 257 கிராம் எடையுள்ள இது உள்ளங்கைக்குள் அடங்குகிறது; யாரும் பொருட்படுத்துவதில்லை. (விளையாடும் பிள்ளைகளை எப்படியும் நான் எடுப்பதில்லை.)

இதன் உயிர் ஸ்னாப் ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடும் வசதி. வெறும் கான்கிரீட் சுவரில் பிடிமானம் இல்லாமல் எந்த ஆட்டோஃபோகஸும் தடுமாறும். படியில் இறங்குகிறவரோ அதற்குள் கடந்துபோய்விடுவார். தூரத்தை 2.5 மீட்டர், லென்ஸ் துளையை எஃப் 8 என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு. பட்டனை ஒரே அழுத்து, அவ்வளவுதான்.

வெளிச்ச அளவில் மட்டும் கொஞ்சம் கைவைக்க வேண்டும். அங்குள்ள கான்கிரீட் பூச்சில்லாத வெள்ளை. ஃபிரேம் முழுக்கச் சுவர் வந்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை +0.7 ஏற்றிக்கொள்வேன். பக்கவாட்டு வெயிலில் கான்கிரீட்டில் பதிந்த வார்ப்புப் பலகையின் மர ரேகைகூட எழுந்து தெரியும். மேல்மாடி வெயிலிலும் தெரு நிழலிலும் இருக்கும் நேரத்தில் வெளிச்சமான பகுதியை வைத்து அளக்கும் ஹைலைட் மீட்டரிங் போட்டு, நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுவது என் ருசி.

குறைகள்: வியூஃபைண்டர் கிடையாது. பேட்டரி சிபா (கேமரா நிறுவனங்களின் சங்கம்) கணக்கில் 200 படம்தான், உபரி ஒன்று கட்டாயம். மழைக்காப்பும் இல்லை. ஈரம் பட்டுச் சுவர் திட்டுத்திட்டாகக் கறுக்கும்போதுதான் இந்தக் கட்டடங்களுக்குக் களையே வரும். சரியாக அப்போதுதான் கேமராவைப் பைக்குள் போட வேண்டியிருக்கிறது! 28 மி.மீ.க்கு ஈடான அகலக்கோண லென்ஸ் என்பதால் அண்ணாந்து எடுத்தால் மாடிகள் பின்னால் சாயும். நேராகப் பிடியுங்கள், உச்சி வெட்டுப்பட்டால் போகட்டும்.

இன்னும் நெருக்கமான 40 மி.மீ. கோணம் வேண்டும் என்றால் ஜிஆர் 3எக்ஸ் இருக்கிறது. முகம்தான் முக்கியம் என்பவர்கள் அதை எடுங்கள். எனக்கு ஆளோடு அவர் ஏறிவரும் படியும் வேண்டும், அதனால் இதுவே.